இலைக்கு முந்நூறு

அம்பாசமுத்திரம் போகிற ரோட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதையில், மோட்டாரைக் கழற்றிப் போட்ட பழைய பம்புசெட் அறை ஒன்று உண்டு. அதில் ஒரு சாமியார் இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. பம்புசெட் சாமி என்று சொன்னால் கண்டக்டரே விசில் அடித்து இறக்கிவிடுவார்.

சாமிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். யார் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். அதுதான் அவருடைய புகழே. தம்பியோடு பாகம் பிரிக்கலாமா என்று கேட்டு வந்த ஒருவரிடம் ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டி, பிய்க்காமல் ஒன்றைத் தின்னச் சொன்னார். அவரும் எப்படியோ தின்றுவிட்டு அழுதுகொண்டே போனார். ஏன் அழுதார் என்று எங்கள் ஊரில் இன்றுவரை யாருக்கும் புரியவில்லை. ஆனால் அதற்கப்புறம்தான் கூட்டம் கூடியது.

சாமியின் முதல் சீடர் திரவியம் அண்ணாச்சி. சாமியின் அப்பா வயது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஓட்டல் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்து, சாமி சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். ஏதாவது கேட்பார். சாமி ஏதாவது செய்வார். அண்ணாச்சி அதை ஒரு வாரம் அசைபோடுவார்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"தீவாளிக்கு விருந்துச் சாப்பாடு போடுதேன். கறி, கோழி, மீனு எல்லாம் உண்டு. இலைக்கு முந்நூறுன்னு போர்டு வைக்கலாம்னு இருக்கேன். ஏசி ஹாலு, பண்டிகை சர்வீஸ், வரி எல்லாம் பில்லுல தனியா வரும். மொத்தம் முந்நூத்தித் தொண்ணூறு ஆயிரும்."

"சரி."

"பக்கத்துக் கடைக்காரரு எல்லாத்தையும் சேத்து முந்நூத்தித் தொண்ணூறுன்னே எழுதிட்டாரு. ரெண்டும் ஒண்ணுதான். ஆனா முந்நூறுன்னு எழுதினா சனம் நம்ம கடைக்குல்லா வரும்?"

"வரும்."

"வரி கவர்மெண்டுக்குப் போறது. அதை நான் என்னத்துக்கு என் விலைன்னு எழுதணும்? இதுல பொய் ஒண்ணும் இல்லியே. கீழ சின்ன எழுத்துல, இதர கட்டணம் தனின்னு போட்டிருதேன். இருந்தாலும் மனசுல ஒரு உறுத்தல் இருக்கு சாமி. சேத்து எழுதணுமா, வேண்டாமா? நீங்க சொன்னாக் கேட்டுக்கிடுதேன்."

சாமி கடைசி இட்லியைத் தின்று முடித்தார். வாய்க்காலில் கை கழுவினார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தீவாளிக்கு மத்தியானம் உங்க கடைக்குச் சாப்பிட வாரேன் அண்ணாச்சி."

"வாங்க சாமி, வாங்க. அது என் பாக்கியம். ஆனா நான் கேட்டதுக்கு?"

"அதான் வாரேன்னு சொன்னேன்லா."

அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். சாமி கடைக்கு வருகிறார் என்ற சந்தோஷத்தில் உறுத்தல் பாதி போய்விட்டது. பதில் வரும்போது வரட்டும் என்று அன்று சாயங்காலமே போர்டை மாட்டிவிட்டார். 'தலை தீபாவளி மாப்பிள்ளை விருந்து. இலைக்கு ரூ. 300.' பஸ்ஸில் போகிறவர்களும் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்து. சின்ன எழுத்து கீழே இருந்தது. அதைப் படிக்கக் குனிய வேண்டும்.

தீபாவளிக்கு முதல் நாள் மாசானமுத்து வந்து அந்த போர்டுக்கு முன்னால் நின்றார்.

அவர் ரைஸ்மில்லில் வேலை பார்க்கிறவர். மனைவி இறந்து வருஷம் சில ஆகிறது. ஒரே மகள். ஆவணியில்தான் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்.

"என்ன மாசானம், தலை தீவாளியா?" என்று கல்லாவிலிருந்தே கேட்டார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி. மாப்ளையும் மவளும் ராத்திரி வாராவ. வீட்டுல பொம்பள இல்ல. எனக்குச் சோறு பொங்கத் தெரியும், விருந்து வைக்கத் தெரியாது. நல்ல நாளும் அதுவுமா அந்தப் பிள்ளைய அடுப்படில விட மனசு வரல. அதான் இங்கன கூட்டியாரலாம்னு."

"கூட்டிட்டு வாரும். மாப்ளைய ராசா மாதிரி கவனிச்சு அனுப்புதோம்."

மாசானம் மறுபடியும் போர்டைப் பார்த்தார். விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

"இலைக்கு முந்நூறுதான அண்ணாச்சி?"

கல்லாவில் அந்நேரம் ஆள் நின்றது. அண்ணாச்சி சில்லறை எண்ணிக்கொண்டே கையை போர்டுப் பக்கம் காட்டினார்.

"அதான் போட்டிருக்குல்லா."

மாசானம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது முகம் மலர்ந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் கடையில் நிற்க இடமில்லை. மாசானம் கரை வேட்டி கட்டி, மகளையும் மாப்பிள்ளையையும் ஏசி ஹாலில் உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று பேர்தான். மாப்பிள்ளை இலையில் ஒன்று குறைவதற்குள் எழுந்து நின்று சப்ளையரைக் கூப்பிட்டார். "மாப்ளைக்கு மீன் வைங்க. அந்தத் துண்டு வேண்டாம், நடுத்துண்டு வைங்க." மகள் "அப்பா, நீங்க சாப்பிடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா இருந்திருந்தால் இப்படித்தான் பறந்திருப்பாள் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாப்பிட்டு எழுந்ததும் மாசானம் சப்ளையருக்கு மாப்பிள்ளை பார்க்க ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

பம்புசெட் சாமியும் வந்திருந்தார். ஓரத்து மேசையில் தனியாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு கல்லாவுக்கு வந்து, வேட்டி முடிச்சை அவிழ்த்து மூன்று நூறு ரூபாய்த் தாளை வைத்தார்.

"சாமி, உங்ககிட்டயா காசு வாங்குவேன்?"

"பில் போடுங்க அண்ணாச்சி."

பில் வந்தது. முந்நூற்றுத் தொண்ணூறு.

"போர்டுல இவ்வளவுதான் பாத்தேன்," என்றார் சாமி. "இதுக்கு மேல என்ட்ட இல்ல."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அண்ணாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சிக்கு அதைப் பார்க்க நேரமில்லை. கடை அதிரச் சிரித்தார். "நல்லா இருக்கே கதை! சாமிட்ட போயி வரி கேப்பனா? இந்தாங்க, பிடிங்க" என்று அந்த மூன்று தாளோடு ஒரு பீடாவையும் வைத்து சாமி கையில் திணித்தார். சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் நெருக்க, ஒதுங்கி வாசற்படிக்குப் போய்விட்டார்.

சாமிக்கு அடுத்து நின்றது மாசானம்.

"மூணு இலை, ஆயிரத்தி நூத்தி எழுபது," என்றார் அண்ணாச்சி.

மாசானம் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்திருந்த தொள்ளாயிரத்தைப் பார்த்தார். பிறகு பில்லைப் பார்த்தார். இன்னொரு பையைத் துழாவினார். அதில் பஸ் டிக்கெட்தான் இருந்தது.

"அண்ணாச்சி, போர்டுல முந்நூறுன்னு..." என்று மெல்லச் சொன்னார்.

"அது இலைக்கு. ஏசி ஹாலு, சர்வீஸ், வரியெல்லாம் தனில்லா. கீழ எழுதியிருக்கே, பாக்கலியா?"

அண்ணாச்சி அதட்டவில்லை. ஆனால் மெதுவாகவும் சொல்லவில்லை. கடை இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் யாருக்குக் கேட்கும்?

"நேத்து உங்கள்ட்ட கேட்டேன்லா" என்று மாசானம் ஆரம்பித்தார். அதற்குள் மாப்பிள்ளை கை கழுவிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான். மாசானம் பேச்சை விட்டுவிட்டுத் தொள்ளாயிரத்தைக் கல்லாவில் வைத்தார்.

"என்ன மாமா? எவ்வளவு குறையுது?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. நீங்க வெளிய நில்லுங்க. நான் இந்தா வாரேன்."

"இதுல என்ன மாமா இருக்கு? நான் குடுத்திருதேன்."

நல்ல பையன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பில்லைப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக் கல்லாவில் ஒட்டியிருந்த அட்டையில் காட்டினான். உடனே கல்லா மேலிருந்த பெட்டி சத்தமாக அறிவித்தது: "இருநூற்று எழுபது ரூபாய் பெறப்பட்டது."

வரிசையில் நின்றவர்களில் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் பீடாத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை கையால் வாங்கித் தின்ற மாமனார் என்று இனி ஒரு பேச்சு இருக்கும். அந்தப் பையன் சொல்ல மாட்டான். ஆனால் வரிசையில் நின்றவர்கள் சொன்னால் அவன் வீட்டுக்கும் போய்விடுமே.

அவர்கள் மூவரும் படியிறங்கிப் போனதை வாசலில் நின்ற சாமி பார்த்தார். மூன்று தாளும் பீடாவும் அவர் கையிலேயே இருந்தன. அண்ணாச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆற்றுப் பாதையில் இறங்கிவிட்டார்.

அண்ணாச்சிக்கு அன்று ராத்திரிதான் உறைத்தது. விடிந்ததும் இருநூற்று எழுபதை ஒரு கவரில் போட்டுக்கொண்டு மாசானம் வீட்டுக்குப் போனார். மகளும் மாப்பிள்ளையும் முதல் பஸ்ஸுக்கே கிளம்பியிருந்தார்கள். இன்னும் ஒரு நாள் இருப்பதாகத்தான் ஏற்பாடு.

"இதை வாங்கிக்கிடும் மாசானம். நான் செஞ்சது தப்பு."

மாசானம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கவரைத் தொடவில்லை.

"வாங்கி என்ன செய்ய அண்ணாச்சி? மாப்ளைட்ட குடுத்தா மறுபடியும் அந்தப் பேச்சுல்லா வரும்."

"உம்மகிட்டயே இருக்கட்டும்."

"என்ட்ட இருந்தா எனக்கு அந்த ஞாவகம்லா இருக்கும்." "நீங்க நானூறு கேட்டிருந்தாலும் கொண்டாந்திருப்பேன் அண்ணாச்சி. மில்லுல முன்பணம் கேட்டா தந்திருப்பாவ. எவ்வளவுன்னு தெரியாமத்தான் போயிட்டு."

அண்ணாச்சி கவரோடு திரும்பி வந்தார். அன்றைக்கே பெயிண்டரைக் கூப்பிட்டு போர்டை மாற்றினார். எல்லாம் சேர்த்து ஒரே விலை, ஒரே அளவு எழுத்து. சாமியைப் பார்க்க மட்டும் போகவில்லை. வெள்ளிக்கிழமை இட்லியை வேலையாளிடம் கொடுத்து அனுப்பினார். முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது அவருக்கு.

பொங்கலுக்கு முந்தின நாள். எதிரே பஸ் ஸ்டாப்பில் மாசானம் நிற்பதைக் கல்லாவிலிருந்து பார்த்தார். கரும்புக் கட்டு, பொங்கல் பானை, மஞ்சள் குலை, அரிசி, காய்கறி எல்லாம் காலடியில் இருந்தன. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகிற முதல் பொங்கல்படி. மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று அண்ணாச்சிக்கு மனம் லேசானது.

பஸ் வந்தது. மாசானம் சாமான்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். கண்டக்டரிடம் ஏதோ சொல்லி, விலாசம் எழுதிய ஒரு சீட்டையும் கொடுத்தார். பிறகு இறங்கி நின்றார். பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.

அண்ணாச்சி கல்லாவைப் பூட்டாமலே ரோட்டைக் கடந்தார்.

"மாசானம், நீரு போகலியா? முதப் பொங்கப்படி அப்பன் கையாலல்லா குடுக்கணும்?"

"போனா அங்க சாப்பிடச் சொல்வாவ அண்ணாச்சி," என்றார் மாசானம். "மாப்ள நல்லவருதான். அவரு எதுக்க உக்காந்து கையை நனைக்க எனக்கு ஏலல."

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. மில் பக்கமாக நடந்துவிட்டார்.

அண்ணாச்சி அப்படியே ஆற்றுக்கு இறங்கினார். தூக்குச்சட்டி இல்லாமல் அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை. சாமி பம்புசெட் வாசலில் உட்கார்ந்திருந்தார். ரொம்பவும் இளைத்திருந்தார்.

"போர்டை மாத்திட்டீங்களாமே," என்றார்.

"மாத்திட்டேன் சாமி." அண்ணாச்சி உட்கார்ந்தார். மாசானம் பஸ்ஸில் ஏறாததைச் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க சாப்பிட வந்தது எனக்குப் புத்தி சொல்லத்தான சாமி?"

"ஆமா."

"எண்ணி முந்நூறு கொண்டாந்ததும்?"

"ஆமா. நீங்க மிச்சத்தைக் கேப்பீங்க, என்ட்ட இருக்காது, அத்தனை பேரு முன்னால நான் கைய விரிச்சிட்டு நிப்பேன். அதை நீங்க பாக்கணும்னு நெனச்சேன். நீங்க சிரிச்சிட்டு விட்டுட்டீங்க. எனக்குப் பின்னால நின்ன மனுசன் மாட்டிக்கிட்டாரு."

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"சேக்கணுமா வேண்டாமான்னு நீங்க நேராத்தான கேட்டீங்க," என்றார் சாமி. "சேத்து எழுதுங்க அண்ணாச்சின்னு நான் சொல்லியிருந்தா?"

"அன்னைக்கே சேத்து எழுதியிருப்பேன். நீங்க சொல்லி நான் எதைத் தட்டியிருக்கேன்?"

"எனக்கும் அது தெரியும்."

சாமி குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சிக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியிருந்தது. கேட்க வேறு யாரும் இல்லை.

"மாசானத்துக்கு இனி நான் என்ன செய்யட்டும் சாமி?"

கேட்டுவிட்டு, வழக்கம்போல, சாமி ஏதாவது செய்வார் என்று காத்திருந்தார். ஒரு கல்லை எடுப்பார், தண்ணீர் மொண்டு வரச் சொல்வார், எங்கோ ஒரு ஊரில் என்று ஆரம்பிப்பார்.

சாமி எதையும் எடுக்கவில்லை. நிமிர்ந்து அண்ணாச்சியின் கண்ணைப் பார்த்து, உடனே சொன்னார்.

"தெரியல அண்ணாச்சி."