தெரியாமல் எடுக்கிற கேமரா

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் சந்தனமாரி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தூத்துக்குடியில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கேமரா பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள்.

சீடர் ஞானசிகாமணி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். முப்பது வருஷம் கரும்பலகையில் லென்ஸ் வரைந்தவர். தன் பழைய கேமராவைச் சரிசெய்ய வந்த இடத்தில், அவள் ஒரு லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டியதைப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து தொழில் கற்றுக்கொள்ள தினமும் வந்தார்.

"இந்தக் கடைக்குள்ள நீங்கதான் எனக்கு வாத்தியாரம்மா" என்றார்.

"ஐயோ சார், பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

அவர் கேட்கவில்லை. ஆசிரியர்கள் யார் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள்!

இடையில் நாலு மாதம் அவர் வரவில்லை. மனைவி லில்லிபுஷ்பத்துக்குப் புற்றுநோய் என்று மதுரையில் வைத்தியம். திரும்பி வந்தபோது சட்டை தோளில் தொங்கியது, அவ்வளவு மெலிந்திருந்தார்.

"கர்த்தர் கைவிடலை. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

சந்தனமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த அம்மாளை இரண்டு தடவை பார்த்த பழக்கம்தான். இருந்தாலும் அழுகை வந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவர் கையில் ஒரு பெரிய தாளோடு வந்தார்.

"வாத்தியாரம்மா, ஒரு கேமரா வேணும். டிஜிட்டல். சட்டைப்பையில அடங்கணும்."

செல்போனில் எடுத்தால் முகமா பூசணிக்காயா என்று தெரியாத காலம் அது.

"எதுக்கு சார்?"

"தினமும் வீட்ல எடுக்கணும். அவ காபி குடிக்கிறது, பேப்பர் படிக்கிறது, சும்மா உக்காந்திருக்கிறது. இத்தனை வருஷமா விசேஷத்துக்கு மட்டும்தான் கேமராவை வெளிய எடுத்தேன். இனி ஒரு நாளையும் விடுறதா இல்லை."

தாளில் பதினோரு கேமராக்களின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டு, அளவு, எடை, எவ்வளவு தூரத்தை இழுத்துக் காட்டும் என்றெல்லாம் எழுதி, கடைசியில் சிவப்பு மையில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டிருந்தார். ஓய்வுபெற்றாலும் கை சும்மா இருக்குமா?

சந்தனமாரி மெதுவாகப் படித்தாள்.

"சத்தம்னு ஒரு கட்டம் போட்டு, அதுக்கு மட்டும் நாற்பது மார்க் வச்சிருக்கீங்களே?"

அவர் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நான் எடுக்கிறது அவளுக்குத் தெரியக்கூடாது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மருந்தில் லில்லிபுஷ்பத்துக்கு முடி முழுக்க கொட்டிவிட்டது. புருவம்கூட இல்லை. அவர் கேமராவைத் தூக்கினால் சேலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். மகள் பெனிட்டா குவைத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி. விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"போன்ல என்ன சொன்னாலும் நம்ப மாட்டேங்கா. 'நீங்க மறைக்குதீங்கப்பா, அம்மா நல்லா இருந்தா ஒரு படம் அனுப்புங்க'ன்னு அழுதா. எதிர் வீட்டு ஆண்டனி ஞாயித்துக்கிழமை குவைத் போறான். அவன் கையில கொடுத்தனுப்பணும். அதுக்குள்ள, இவளுக்குத் தெரியாம, ஒரே ஒரு படம்."

"பார்ப்போம் சார். முதல்ல மேசையில இருக்கிற கேமராவோட மூடியைக் கழட்டுங்க" என்றாள் சந்தனமாரி.

அவர் மேசையில் குனிந்து வேலையில் இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு சின்னக் கேமராவை அவர் முன்னால் நீட்டினாள்.

திரையில் ஞானசிகாமணி இருந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. நாக்கு உதட்டோரம் எட்டிப் பார்த்தது. சட்டையின் மேல் பட்டன் இரண்டும் திறந்து கிடந்தன.

"எப்ப எடுத்தீங்க?"

"இப்பத்தான். கொஞ்சமாவது சத்தம் கேட்டுதா? நாற்பதுக்கு நாற்பது."

அவர் முகம் சுண்டிவிட்டது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா பட்டனாவது போட்டிருப்பேன்ல. அழிச்சிடுங்க."

அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள்.

"அழிச்சாச்சு சார்."

அவர் பட்டனைப் போட்டுக்கொண்டார். தாளை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்போ எந்தக் கேமராதான் வாங்குறது?"

"கை எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"அம்மா கையைக் கேட்டேன் சார்."

"அதையேன் கேக்கீங்க. மருந்து போட்டதுல விரல் மரத்துப்போச்சு. டம்ளர் நழுவுது. ஜாக்கெட் கொக்கி நான்தான் மாட்டிவிடுதேன்."

சந்தனமாரி கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். பிறர் விற்றுவிட்டுப் போன சின்னக் கேமராக்கள் அதில் இருந்தன. ஒன்றை எடுத்தாள், பொத்தான் கடுகளவு இருந்தது. திரும்ப வைத்தாள். இன்னொன்று வழுவழுவென்ற உலோகம். அதையும் வைத்தாள். கடைசியாக, மூலை நசுங்கிய ஒரு சாம்பல் நிறக் கேமராவை எடுத்தாள். முன்பக்க மூடியை ஒரு பக்கமாகத் தள்ளினால் போதும், தானே உயிர் வரும். கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர். பொத்தான் ஒரு ரூபாய்க் காசு போலப் பெரிது. டார்ச்சுக்குப் போடுகிற சின்ன பேட்டரி இரண்டு போட்டால் ஓடும். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளக் கயிறும் இருந்தது.

"இதுக்கு நான் முப்பத்தொரு மார்க் போட்டிருக்கேன்" என்றார் ஞானசிகாமணி.

"ஆமா சார், பெயில்தான். கொண்டுபோய் அம்மா கையில கொடுங்க. கயித்தை மாட்டிவிடுங்க. சனிக்கிழமை வரைக்கும் நீங்க இதைத் தொடக்கூடாது."

"அவ எடுத்தா அவ படம் எப்படி வரும்? ஞாயித்துக்கிழமை ஆண்டனி கிளம்புறான், வாத்தியாரம்மா!"

"வாத்தியாரம்மான்னு கூப்பிடுதீங்கள்ல?"

அவர் கோபத்தோடு கேமராவை எடுத்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை வந்து புகார் சொன்னார். "கேமராவைத் தொடாதேன்னு முப்பத்திரண்டு வருஷம் அவளை அதட்டியிருக்கேன். இன்னைக்கு என்னை அதட்டுதா, வெளிச்சத்தை மறைக்காதீங்கன்னு."

புதன்கிழமை, "பல்லு விளக்கும்போது எடுத்துட்டா" என்றார்.

வியாழக்கிழமை வந்தவர் வேலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "கைதவறி விட்டுட்டா. கயிறு பிடிச்சுக்கிட்டுது. ஊஞ்சல் மாதிரி ஆடிச்சு. அதைப் பாத்துச் சிரிச்சா வாத்தியாரம்மா. நாலு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் சத்தமா சிரிச்சா."

வெள்ளிக்கிழமை கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை நான் தொட்டுக்கிடுதேன்."

"நாளைக்கு சார்."

சனிக்கிழமை காலை கடை வாசலில் ஆட்டோ நின்றது. ஞானசிகாமணி இறங்கி, உள்ளே கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு லில்லிபுஷ்பம் இறங்கினாள். தலையில் வெள்ளைப் பருத்தித் துணி கட்டியிருந்தாள். மணிக்கட்டில் கேமரா தொங்கியது.

"கேமரா நிறைஞ்சிட்டுன்னு சொல்லுதும்மா. இதுல இவ்வளவுதான் இடமா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

சந்தனமாரி படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டாள். இருநூற்றாறு படங்கள். பாதி கோணல். சிலவற்றில் மூலையில் விரல் தெரிந்தது. காயப்போட்ட மிளகாய் ஒன்றில், மதில் மேல் பூனை ஒன்றில். மற்றதெல்லாம் ஞானசிகாமணிதான். வெங்காயம் நறுக்கிக் கண்ணீர் விடுகிற ஞானசிகாமணி. சேலையை மடிக்கத் தெரியாமல் மடிக்கிற ஞானசிகாமணி. கேமராக் கயிற்றை அவள் கையில் மாட்டிவிடுகிறவர், மிக அருகில், நெற்றிச் சுருக்கம் தெரிய. கஞ்சி டம்ளரை நீட்டிக்கொண்டு சிரிக்கிறவர். அதில் அவர் தலையில் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

எல்லோரையும் முப்பது வருஷமாக எடுத்த மனிதர் தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இப்படியா இருக்கேன்?"

"இப்படித்தான் இருக்கிய" என்றாள் லில்லிபுஷ்பம். பிறகு சந்தனமாரியிடம் சொன்னாள், "மதுரையில வாந்தி எடுத்து எடுத்து, போதும் ஆண்டவரேன்னு கிடப்பேன். கண்ணைத் திறந்தா இந்த மூஞ்சி நிக்கும். சரி, இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போவோம்னு தோணும். அப்படியே நாலு மாசம் ஓடிட்டு. இவிய இல்லன்னா நான் ஏதும்மா?"

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அதற்கு மேலும் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"லில்லி, பெனிட்டா உன் படம் கேக்கா. நாளைக்கு ஆண்டனிகிட்ட கொடுத்தனுப்பணும். ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிடட்டுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேண்டாங்க. வயித்துப்பிள்ளைக்காரி, என்னை இந்தக் கோலத்துல பாத்தா பயந்துருவா. எனக்கென்ன வெக்கமா? முடி கொஞ்சம் முளைக்கட்டும், நானே எடுங்கன்னு சொல்லுதேன்."

அவர் வற்புறுத்தவில்லை. சந்தனமாரியிடம் திரும்பினார்.

"நீங்க சொன்னபடியே அஞ்சு நாள் தொடாம இருந்துட்டேன். இருநூத்தாறு படம் வாத்தியாரம்மா. ஒண்ணுலகூட இவ இல்லை. நான் எதைக் கொடுத்தனுப்ப?"

சந்தனமாரி கஞ்சி டம்ளர் படத்தைத் தேடி எடுத்துப் பிரிண்டருக்கு அனுப்பினாள். தாள் மெதுவாக வெளியே வந்தது. ஈரம் காய ஊதிவிட்டு, ஒரு பேனாவோடு சேர்த்து அவரிடம் நீட்டினாள்.

"பின்னால 'அம்மா எடுத்தது'ன்னு எழுதுங்க சார்."

"இது என் படம்லா?"

"ஆமா."

"பெனிட்டா கேட்டது அம்மா நல்லா இருக்காளான்னுல்லா?"

"அதுக்குத்தான் சார் இது. அம்மாவுக்கு முடியாம இருந்தா அப்பா இப்படிச் சிரிப்பாங்களான்னு உங்க மகளுக்குத் தெரியாதா?"