இன்னொரு கடையில் தெரியக் கூடாது

காரைக்குடியில் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கணக்கில் சேராத மூன்று பேர் ஒன்றுகூடி, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் ‘முக்கண் வெப் டிசைன்’ என்று கம்பெனி வைத்தார்கள். வைரவன்தான் தலைவன், ஏனென்றால் கை வைத்த நாற்காலி அவனுடையது. சாத்தப்பன் மூளைக்காரன், அப்படி அவனே சொல்லியிருக்கிறான். நல்லமுத்து, மற்ற இரண்டு பேரும் சொல்வதை ஒத்துக்கொள்வதற்காகச் சேர்க்கப்பட்டவன்.

அவர்களுக்கு இருந்த ஒரே வாடிக்கை உமையாள் ஆச்சி. ஆச்சிக்கு இணையத்தில் மூன்று கடை: சேலைக் கடை, பலகாரக் கடை, பித்தளைப் பாத்திரக் கடை. மூன்றிலும் ப்ளகின் என்ற ஒரே துணைச் செயலியைச் செருகி வைத்திருந்தார். வாங்க ஆசைப்படுவதை மக்கள் குறித்துவைத்துக்கொள்ள ‘பிடித்தவை’ என்று ஒரு பக்கத்தை அது கொடுக்கும். அந்தப் பக்கம் எல்லாக் கடையிலும் சலவை வேட்டி மாதிரி ஒரே வெள்ளையாக இருந்தது. அதைக் கடைக்கு ஒரு விதமாக அலங்கரிக்க வேண்டும். ஆடிப்பெருக்கு வியாபாரத்துக்கு இரண்டே நாள் இருந்தது.

ஆச்சி போனில் தெளிவாகத்தான் சொன்னார். சேலைக்கு அரக்குச் சிவப்பு, பலகாரத்துக்கு வாழையிலைப் பச்சை, பாத்திரத்துக்கு மஞ்சள். தலைப்பு பெரிதாக இருக்க வேண்டும். நாலு பக்கமும் இடம் விட வேண்டும்.

“முக்கியமா ஒண்ணு. ஒரு கடைக்குப் பண்றது இன்னொரு கடையில தெரியவே கூடாது. இந்தத் தடவையும் சொதப்புனீங்கன்னா மதுரைக்காரங்ககிட்ட கொடுத்துருவேன்” என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஆச்சி போய்விட்டால் கம்பெனியில் மிஞ்சுவது பெயர்ப்பலகை மட்டும்தான். அதனால் ஆச்சி சொன்ன சொல்லில் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் செய்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். பாவம், மற்றவர்களைப் போல ஏனோதானோ என்று செய்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

முதலில் நாலு பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். சாத்தப்பன் எண்ணிப் பார்த்துவிட்டு, “கடைக்கு ஒரு பக்கம்தான் இருக்கு. ஆச்சி நாலு பக்கமும் இடம் விடச் சொல்றாங்க” என்றான்.

“அப்ப இன்னும் மூணு பக்கம் பண்ணணும்” என்றான் வைரவன்.

“பண்ணி?”

“இடம் விடணும்.”

கடைக்கு மூன்று புதுப் பக்கம் உண்டாக்கி, அவற்றில் ஒரு புள்ளிகூட வைக்காமல் விட்டார்கள். பழைய பக்கத்தில் சாமான் இருக்கிறதே என்று நல்லமுத்து கவலைப்பட்டான். மூன்றில் முழுசாக விட்டிருப்பதால் மொத்தத்தில் சரியாகிவிடும் என்று சாத்தப்பன் தேற்றினான்.

அடுத்து தலைப்பு. வைரவன் ஆச்சிக்குச் சேலை நெய்யும் தறிக்காரருக்கே போன் போட்டு, சேலைத் தலைப்பை ஒரு முழம் பெரிதாக்கச் சொன்னான். நெய்து மடித்த சேலையை இனிமேல் எங்கே பிடித்து இழுப்பது என்று அவர் கேட்டார். அது உங்கள் பாடு, ஆச்சி உத்தரவு என்று சொல்லிவிட்டான். சீடைக்குத் தலைப்பு எந்தப் பக்கம் என்று சாத்தப்பன் அரை நாள் உருட்டி உருட்டிப் பார்த்தான், பிறகு தின்றுவிட்டான். குடத்துக்குத் தலைப்பே கிடையாது என்பதால் நல்லமுத்துவுக்கு அந்த வேலை மிச்சம்.

மிஞ்சியது, தெரியக் கூடாது என்ற விஷயம். ஆளுக்கு ஒரு கடை என்று பிரித்துக்கொண்டார்கள்.

“நான் சேலைக் கடை. நான் என்ன பண்றேன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது” என்றான் வைரவன்.

“எங்களுக்குத் தெரியலைங்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான் நல்லமுத்து.

நல்ல கேள்விதான் என்று டீ வரவழைத்து யோசித்தார்கள். கடைசியில் மேஜைகளுக்கு நடுவே இரண்டு போர்வை கட்டினார்கள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. மூன்று கடைப் பக்கத்துக்கும் நிறமும் எழுத்தும் ஒரே கோப்பிலிருந்துதான் வந்தன. கடைக்குக் கடை தனியாக எழுத வழி இருக்கிறது, அது தெரிந்தவர்களுக்கு. நம்முடைய ஆட்கள் ஆளுக்கொரு போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த ஒரே கோப்பைத் திறந்தார்கள்.

வைரவன் சிவப்பைப் போட்டு, கழுத்தைச் சொடுக்கிவிட்டுப் பார்த்தால் சேலைக் கடை பச்சையாக இருந்தது. மறுபடி சிவப்பைப் போட்டான். அந்தப் பக்கம் சாத்தப்பனின் பலகாரக் கடை சிவந்து போயிருந்தது. அவன் பச்சையைப் போட்டான். நல்லமுத்து கம்ப்யூட்டருக்குத் திருநீறு பூசிப் பார்த்தான். அப்போதும் மஞ்சள் நிற்கவில்லை. வெளியே சொல்லவும் முடியாமல் மறுநாள் மத்தியானம்வரை மூவரும் இப்படியே மல்லுக்கட்டினார்கள்.

பொறுக்க முடியாமல் வைரவன் கூட்டம் போட்டான்.

“சொல்லத்தானே கூடாது? கேக்கலாம்ல?”

“கேக்கலாம். பதில் சொல்லக் கூடாது” என்றான் சாத்தப்பன்.

“உன் கடையில நிறம் மாறுதா?”

“ஏன் கேக்குற?”

“நீ ஏன் கேக்குற?”

அரை மணி நேரம் கூட்டம் நடந்தது. யாரும் வாய் தவறி ஒரு பதில்கூடச் சொல்லவில்லை. திருப்தியாகக் கலைந்து, அவரவர் போர்வைக்குள் போனார்கள்.

ஆடிப் பதினெட்டு அன்று காலையிலேயே ஆச்சி மாடியேறி வந்துவிட்டார். சேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடை மூன்று நிறம் மாறுகிறது என்று சிங்கப்பூரிலிருந்து புகாராம். வெறும் பக்கத்தைப் பார்த்த இன்னொருவர், கடையைக் காலி செய்துவிட்டீர்களா என்று துக்கம் விசாரித்தாராம். தறிக்காரர் வேறு வீட்டுக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார்.

“யாரு பண்ணுன வேலை இது?” என்றார் ஆச்சி.

போர்வைக்கு மேலே வைரவனின் தலை எழுந்தது. “அதைச் சொல்லக் கூடாது ஆச்சி.”

“கடை என்னுது. எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?”

“மூணு கடையும் உங்களுதுதானே? சேலைக் கடையில நடந்ததை உங்ககிட்டச் சொன்னா, மத்த ரெண்டு கடையிலயும் தெரிஞ்சு போயிருமே.”

ஆச்சி கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதைச் சம்மதம் என்று நினைத்துச் சாத்தப்பன் வழி சொன்னான்.

“இப்ப சேலைக் கடை ஆச்சியா பேசிட்டுப் போங்க. அப்புறம் பலகாரக் கடை ஆச்சியா ஒரு தடவை வாங்க. கடைசியா பாத்திரக் கடை ஆச்சியா வாங்க.”

ஆச்சி எழுந்தார். “உங்க சங்காத்தமே வேணாம். மதுரைக்காரங்க பார்த்துக்குவாங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

நல்லமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. வைரவன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

“அழாதடா. போனது சேலைக் கடை ஆச்சிதானே. மத்த ரெண்டு பேரும் இன்னும் வரவேயில்லையே.”

பிறகு ஜன்னல் வழியாக எட்டி, கீழே டீக்கடைக்குக் குரல் கொடுத்தான்.

“அண்ணே, ரெண்டு காபி அனுப்புங்க. பலகாரக் கடை ஆச்சிக்குச் சர்க்கரை வேணாம், இனிப்புலயே கிடக்கிறவங்க. பாத்திரக் கடை ஆச்சிக்குப் பித்தளை டபராவுல கொடுங்க. ஆனா ஒருத்தருக்குக் கொடுக்குறது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது.”