தையல்சிட்டு தைத்த பாய்

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசினார்கள். கடற்கரை வேலைகளையும் பங்கிட்டுச் செய்தார்கள். தோணிகளுக்குப் பாய் தைக்கும் வேலை தையல்சிட்டினுடையது. அப்போது அதன் தலையும் முதுகைப் போலப் பச்சையாகத்தான் இருந்தது.

பாய் தைப்பது எளிய வேலை அல்ல. தறியில் நெய்த பருத்தித் துணி இரண்டு முழ அகலந்தான் வரும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளைச் சேர்த்தால்தான் ஒரு பாய். ஒன்றின் ஓரத்தை மற்றதன் ஓரத்தின்மேல் ஏற்றி இரண்டு வரிசையாகத் தைக்க வேண்டும். காற்று பிய்த்துவிடாதபடி சுற்றிலும் ஓரத்தை மடித்து உள்ளே கயிறு வைத்துத் தைக்க வேண்டும். கடைசியில், உப்பும் ஈரமும் அரிக்காமலிருக்க, மரப்பட்டை காய்ச்சிய செம்பழுப்புச் சாயத்தில் ஊறவைக்க வேண்டும். சிட்டு ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சுப் போடும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் அசையாது.

ஒரு வருடம் மழை இல்லை. ஊரில் தானியம் தீர்ந்துபோனது. நல்லாண்டி என்ற தோணிக்காரன், உப்பையும் கருவாட்டையும் அக்கரையில் கொடுத்து நெல் வாங்கி வரக் கிளம்பினான். அவனுடைய பழைய பாய் இற்றுப்போயிருந்தது.

"சிட்டு, எட்டு நாளில் புதுப் பாய் வேணும். அதுக்கு மேல காத்து மாறிடும்," என்றான்.

"பதினைஞ்சு நாளாவது ஆகுமே அண்ணே."

"பிள்ளைங்க காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்னுதுங்க. பதினைஞ்சு நாளுக்கு நான் எங்க போவேன்?"

சிட்டு ஒப்புக்கொண்டது. ஐந்தாம் நாள் ஆகியும் பாதிப் பாய் முடியவில்லை. அலகு வீங்கியிருந்தது. ஆனாலும், 'என்னால் ஆகவில்லை' என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை. அந்தக் கரையிலேயே கைதேர்ந்த தையல்காரன் என்று பெயர் வாங்கிய சிட்டு அது. ஆறாம் நாள் காலையில் முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டது. ஒரே நூலை மேலிருந்து கீழ்வரை ஓட்டியது. வேலை மளமளவென்று முடிந்தது. பார்வைக்கும் முன்னைவிட அழகாயிருந்தது.

நல்லாண்டியின் மனைவி காத்தாயி, சாயத்தில் போடுவதற்குமுன் பாயைத் தடவிப் பார்த்தாள்.

"ஏன் சிட்டு, இந்தப் பக்கம் முடிச்சே தட்டுப்படலையே?"

"நான் தைச்சது என்னைக்காவது பிரிஞ்சிருக்கா அக்கா?"

காத்தாயிக்குச் சங்கடமாகிவிட்டது. "கோவிச்சுக்காதே, மனசு கேட்கலை, அதான் கேட்டேன்," என்று கையை எடுத்துக்கொண்டாள்.

தோணி போனது. இருபது நாள் கழித்து, ஓர் உச்சிவெயிலில் செம்பழுப்புப் பாய் கண்ணுக்குத் தெரிந்தது. ஊரே கூடைகளோடு கரைக்கு ஓடியது. நெல்லின் பாரத்தில் தோணி தாழ்ந்து மெல்ல வந்தது. பாறைத் திட்டை நெருங்கும்போது காற்று வலுத்தது. பாய்மரத்தில் உரசி ஒரு நூல் அறுந்தது. அந்தத் தையல் முழுவதும் உருவிக்கொண்டு போனது. அடுத்ததும் பிரிந்தது. பாய் இரண்டாகக் கிழிந்து படபடத்ததை எல்லோரும் பார்த்தார்கள். பிடிப்பில்லாத தோணி அலைக்குக் குறுக்கே திரும்பிப் பாறையில் மோதியது.

உடன் போன இருவர் துடுப்பைப் பிடித்து நீந்தி வந்தார்கள். "நல்லாண்டி அண்ணன் பாயை இழுத்துக் கட்டப் போனார். கால் கயித்துல மாட்டிக்கிச்சு. எங்களால ஒண்ணும் செய்ய முடியலை," என்று அழுதார்கள். நல்லாண்டியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பல நாள் அந்தக் கரையில் நெல் ஒதுங்கிக்கொண்டே இருந்தது. உப்பேறி அழுகிய அந்த நெல்லைக் காக்கைகூடத் தொடவில்லை. பசி தாங்காத குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போயின.

தோணி உடைந்த மூன்றாம் நாளே பாய் கரை ஒதுங்கியிருந்தது. காத்தாயி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சிட்டு தயங்கித் தயங்கி வந்து மணலில் இறங்கியது.

"அக்கா, நான் முடிச்சுப் போடலை."

"தெரியும்," என்றாள் காத்தாயி. "கையிலே தெரிஞ்சுது. உன் வாயைத்தான் நம்பினேன்."

அவள் கத்தவில்லை, கல்லை எடுக்கவுமில்லை. அது சிட்டுக்கு இன்னும் தாங்க முடியாமல் போயிற்று. பிரிந்த ஓரத்துக்குள் தலையை நுழைத்துத் தைக்கத் தொடங்கியது. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு.

"இனிமே அதைத் தைச்சு யாருக்கு?" என்றாள் காத்தாயி.

சிட்டு நிறுத்தவில்லை. பொழுது சாயும்வரை தைத்தது. ஈரத்துணியின் சாயம் கசிந்து அதன் உச்சந்தலையில் ஊறியது. தைத்து முடிந்ததும் நல்லாண்டிக்குப் பதிலாக அந்தப் பாயைக் குழியில் வைத்து மூடினார்கள். சிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. கீச்சென்ற ஒலிதான் வந்தது. காத்தாயி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்று முதல்தான் தையல்சிட்டின் உச்சி துருநிறமாயிற்று. எத்தனை மழையில் நனைந்தாலும் அது போகவில்லை. மனிதர் ஏறிப்போகும் எதையும் அது பிறகு தைத்ததில்லை. தாழ்ந்த செடியின் இலையைத் தன் குஞ்சுகளுக்காக மட்டும் தைக்கிறது, ஒவ்வொரு தையலையும் தனித்தனியே இறுக்கி.