லென்ஸ் டப்பாவில் தீர்த்தம்

"அம்மா, நீங்க சாமி கும்பிடுத நேரத்தவிட கை கழுவுத நேரம் கூடுதலா இருக்கு."

குருவிடம் இப்படிச் சொல்ல அந்த மடத்தில் சிதம்பரதாணு ஒருவருக்குத்தான் துணிச்சல் உண்டு.

தாமிரபரணிக் கரையில் இருந்த சிறிய மடம் அது. தலைவி ஆவுடையம்மை. சீடரான சிதம்பரதாணுவுக்கு அவரைவிட வயது கூடுதல். அதனால் குருதான் சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

ஆவுடையம்மைக்குக் கருவிழி கூம்பிப் போயிருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டாலும் ஒரு விளக்கு நாலு விளக்காகத் தெரியும். மதுரையில் டாக்டர் அளவெடுத்துச் செய்து கொடுத்த மெல்லிய லென்ஸைக் கண்ணில் வைத்தால்தான் உலகம் ஒழுங்காக நிற்கும்.

அந்த லென்ஸுக்கு அவர் காட்டிய மரியாதையைப் பார்க்க வேண்டுமே. சோப்பு போட்டுக் கை கழுவுவார். ஈரம் போகத் துடைப்பார். பிறகுதான் தொடுவார். சாயங்காலம் கழற்றி, சொல்யூஷன் விட்டு உள்ளங்கையில் மெல்லத் தேய்த்து அலசி, டப்பாவில் புதுசாக ஊற்றிய சொல்யூஷனில் மூழ்க வைப்பார். முந்தைய நாள் ஊற்றியதைக் கொட்டிவிடுவார். லென்ஸோடு தூங்க மாட்டார், ஆற்றில் இறங்க மாட்டார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஒரு நாள் தவறியதில்லை. எனக்கெல்லாம் பல் தேய்க்கவே சோம்பல்.

சிதம்பரதாணுவுக்கு இது பொறுக்கவில்லை. உடம்பு பொய் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவருக்குக் கண்மேல் இவ்வளவு பற்று இருக்கலாமா?

கேட்டே விட்டார்.

"அந்தத் துண்டை எடுங்க அண்ணாச்சி" என்றார் ஆவுடையம்மை. "துவைச்சதை."

அவ்வளவுதான் பதில்.

மடத்துக் கோயிலுக்குக் குடமுழுக்கு வந்தது. இடிந்து கிடந்த கோபுரத்தை, ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுப்பியவர் ஆவுடையம்மை. கலசத்தில் நீர் விழுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. துறவிக்கு ஆசை கூடாதுதான். இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் யாகசாலையிலிருந்து ஒரு செம்பு தீர்த்தம் வந்தது.

சிதம்பரதாணு யோசித்தார். நாளைக்குக் கலசத்தைப் பார்க்கப்போகிற கண். அதற்குப் போய்க் கடைச்சரக்கா?

அம்மா லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனதும் டப்பாவைத் திறந்தார். சொல்யூஷனைக் கொட்டினார். தீர்த்தத்தை ஊற்றினார். குளித்துவிட்டு வந்து, திருநீறு பூசிக்கொண்டுதான் செய்தார். பாவம், மனுஷரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

காலையில் ஆவுடையம்மை டப்பாவைத் திறந்தார். பச்சைக் கற்பூரம் மணத்தது.

"என்ன ஊத்துனீங்க அண்ணாச்சி?"

"தீர்த்தம்மா. யாகசாலைக் கும்பத்துல இருந்தது."

ஆவுடையம்மை லென்ஸ் இரண்டையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். டப்பாவையும் போட்டார்.

சிதம்பரதாணு பதறிப்போனார். அலசிவிட்டுப் போட்டுக்கொள்ளலாமே என்றார். இன்றைக்கு ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது என்று கெஞ்சினார். வேறு ஜோடி கிடையாது, மதுரையில் சொல்லிச் செய்து வர நாளாகும் என்பது அவருக்கும் தெரியும்.

"லென்ஸ் தண்ணியக் குடிக்கும் அண்ணாச்சி. எந்தத் தண்ணியா இருந்தாலும் நமக்குத் தெரியாத கிருமி அதுல இருக்கும். கருவிழியில ஏறுச்சுன்னா பார்வையே போயிரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அப்ப கலசம்?"

"நீங்க பாத்துச் சொல்லுங்க."

ஒரு சுடுசொல் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் செம்பைத் தூக்கி எறிந்திருப்பேன்.

கோபுரத்தின் முன்னால் ஊரே நின்றது. சிதம்பரதாணு போட்டிருந்த துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஆவுடையம்மை நின்றார். அவருக்கு எதிரே வானமும் கோபுரமும் கலங்கி ஒன்றாகக் கிடந்தன.

"கருடன் சுத்துதும்மா."

"ம்."

"குடத்தைத் தூக்குதாங்க."

"ம்."

"ஊத்து..."

ஆயிரம் பேர் 'அரோகரா' என்றார்கள். சத்தம் வந்த பக்கமாக முகத்தை உயர்த்தி ஆவுடையம்மை சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாரும், இவருக்குக் கலசம் தெரியவில்லை என்று நம்பியிருக்க மாட்டார்கள்.

பிறகு மேலேயிருந்து மோட்டார் வைத்துக் கூட்டத்தின்மேல் தீர்த்தம் தெளித்தார்கள். எல்லோரும் அண்ணாந்து முகத்தில் ஏந்தினார்கள். ஆவுடையம்மை மட்டும் கண்களை இறுக மூடி, தலையைத் தாழ்த்தி, சொட்டச் சொட்ட வாங்கிக்கொண்டார்.

சிதம்பரதாணுவால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே கேட்டார்.

"இதே தீர்த்தத்தத்தானம்மா நான் ஊத்துனேன். தலையில இம்புட்டு ஆசையா வாங்குதீங்க. கண்ணுக்கு மட்டும் ஆகாதா?"

ஆவுடையம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தீர்த்தம் பாவத்தக் கழுவத்தான அண்ணாச்சி? இந்தத் தலை எவ்வளவோ பண்ணியிருக்கு, நனையட்டும். கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"