கொம்பில்லாக் காளைக் காசு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செம்பரை நாட்டை இளமருதன் என்றொரு ராசா ஆண்டான். அவனுக்குக் காசு சேர்க்கிற பைத்தியம். பொன்னும் வெள்ளியும் இல்லை, சந்தையில் புழங்கும் செப்புக்காசு! எல்லாக் காசிலும் கொம்புள்ள காளை இருக்கும். ஒருமுறை காசடிக்கும் சாலையில் அச்சு சிதைந்து, கொம்பில்லாத காளையோடு சில காசுகள் வெளியே போய்விட்டன. அதில் ஒன்றாவது கிடைக்காதா என்று ராசா தவியாய்த் தவித்தான்.

ஒருநாள் கருவூல அதிகாரி கனகராயர் அந்தக் காசைக் கொண்டுவந்து நீட்டினார். பூரித்துப்போன ராசா ஒரு கிராமத்தையே அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் மந்திரி அறம்வளர்த்தானை அரண்மனை வாசலில் மோர்க்காரி ஆவுடையாள் மறித்தாள்.

"சாமி, ராசாகிட்டக் கொடுக்கலாம்னுதான் அந்தக் கொம்பில்லாக் காளைக் காசை எடுத்துக்கிட்டு வந்தேன். கனகராயர் பிடுங்கிட்டாரு. வேற ஒரு காசை மூஞ்சியில விட்டெறிஞ்சு, 'காசுக்குக் காசு சரியாப்போச்சு, போடி'ன்னுட்டாரு!"

மந்திரிக்கு ரத்தம் கொதித்தது. நேரே சபைக்குப் போய் ராசாவிடம் முறையிட்டார். ராசாவோ காசிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை.

"அதான் பதிலுக்கு ஒரு காசு கொடுத்தாரே. அப்புறம் என்ன வழக்கு?"

பக்கத்தில் நின்ற கனகராயர் மீசைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மந்திரி பல்லைக் கடித்தார். சட்டென்று பேச்சை மாற்றினார்.

"அப்படியானால் ஏமாந்தது தாங்கள்தான் அரசே! ஒரு செப்புக்காசுக்கு ஒரு கிராமமா? கனகராயர் தங்களை நன்றாக ஏய்த்துவிட்டார்."

ராசாவின் முகம் சுருங்கியது. கனகராயருக்கு வேர்த்துவிட்டது.

"உளறாதீர், மந்திரி! இது சாதாரணக் காசா? அச்சு சிதைந்து வந்தவையே கொஞ்சம். அதிலும் பெரும்பாலானதை உருக்கிவிட்டோம். இது தப்பிப் பிழைத்தது. காளையின் திமில்கூடத் தேயவில்லை, பாரும்! தேடுகிறவர்கள் ஏராளம், கிடைப்பதோ அபூர்வம். விலை ஏறாமல் என்ன செய்யும்?"

"ஓகோ! இதெல்லாம் மோர்க்காரியிடம் வாங்கும்போதே உமக்குத் தெரியுமோ?"

"எனக்கா தெரியாது? பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டேன்!" என்று மார்தட்டினார் கனகராயர்.

"அப்படியென்றால், ஒரு கிராமம் பெறும் பொருள் என்று தெரிந்தேதான் அவளிடமிருந்து பிடுங்கினீர்! அவளுக்கு மட்டும் அது வெறும் செப்பு, உமக்கு மட்டும் அபூர்வமா? இதற்குத் திருட்டு என்று பெயர், ஐயா!"

ராசா அங்கேயே கனகராயருடைய பதவியைப் பறித்தான். கிராமத்தை ஆவுடையாள் பெயருக்கு மாற்றச் சொன்னான்.

"சபாஷ், மந்திரி! உமது சாமர்த்தியத்துக்கு என்ன பரிசு வேண்டும்?"

மந்திரியின் கோபம் இன்னும் ஆறவில்லை. "பரிசா? வயிறெரிந்து வந்தவளுக்கு நியாயம் கிடைக்க இத்தனை நாடகம் ஆட வேண்டியிருக்கிறதே அரசே, அதற்கா பரிசு?"

ராசா தலைகுனிந்தான். சிம்மாசனத்தை விட்டு இறங்கி, ஆவுடையாளை அழைத்துவர வாசலுக்குத் தானே நடந்தான்.