பொந்துக்கு வந்த பழம்

ஒரு காட்டில், குழந்தைகளே, கோடையிலும் ஓடை வற்றாத ஒரு காட்டில், வெண்கண்ணி என்ற இருவாச்சிப் பறவை இருந்தாள். முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை மண்ணால் பூசிக்கொள்ளும். ஓர் அலகு நுழையுமளவு கீறல் மட்டும் விடும். உள்ளே இறகெல்லாம் உதிர்ந்துபோகும். மூன்று மாதம் ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் உயிர் தங்கும்.

அன்று உச்சிவேளை தாண்டியும் வெண்கண்ணியின் கணவன் வரவில்லை. வயிறு கிள்ளியது. ஆனாலும் அவள் பதறவில்லை. பொந்துக்குள் அவளுக்கு இது ஒன்பதாவது கோடை. கீறல் வழியே ஓடைக்கரையைப் பார்த்தபடி பழைய நாட்களுக்குப் போய்விட்டாள்.

பின்னாளில் இடி விழுந்து பட்டுப்போன இலவமரம் அப்போது அங்கே நின்றது. செக்கச்செவேலென்று பூத்திருக்கும் அதன் உச்சியில்தான் இளவட்டங்கள் கூடும். என்ன ஆட்டம், என்ன கூத்து! அந்த நாட்கள் இனி வருமா?

அங்கே அவளுக்காக இருவர் அத்திப்பழம் கொண்டுவந்தார்கள். பொன்முடி பழத்தை வானத்தில் எறிந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அலகால் பிடித்து நீட்டுவான். காடே "ஆகா!" என்னும். சாம்பனுக்கோ பழம் கொடுக்கும்போதே பாதி கீழே விழுந்துவிடும். காடு சிரிக்கும். சும்மா சொல்லக்கூடாது, வெண்கண்ணியும் சிரித்தாள். அவள் மனம் பொன்முடியிடம்தான் இருந்தது.

"இன்னும் என்னடி யோசனை? ராஜா மாதிரி இருக்கான்!" என்றாள் மலையணில் அக்கா.

"ராஜாதான் அக்கா. ஆனா பொந்துக்குள்ள போயிட்டா அவன் எறியிறதும் தெரியாது, சுத்துறதும் தெரியாது. அலகு மட்டும்தானே தெரியும்? அது வரலைன்னா நான் செத்துப்போவேனே!"

மறுநாள் இருவரையும் அழைத்தாள். "அஞ்சு நாளைக்கு நான் இலவமரத்துக்கு வரமாட்டேன். புதருக்குப் பின்னாடி ஒரு பழைய பொந்து இருக்கு. வாசலைப் பூசிக்கிட்டு அதுல இருப்பேன். பழத்தை அங்க கொண்டாங்க. நான் முகம் காட்டமாட்டேன், பேசவும் மாட்டேன்."

முதல் நாள் பொன்முடி வந்தான். பழத்தை எறிந்தான், பிடித்தான், சுற்றிலும் பார்த்தான். "இங்க ஒரு ஈ காக்கா இல்லையே!" என்று முணுமுணுத்தான். மறுநாள் முதல் அவனைக் காணோம். இலவமரத்தில் "ஆகா!" சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டு அவள் அழுதாள்.

சாம்பன் வந்தான். முதல் பழம் கீறலில் நுழையாமல் கீழே விழுந்தது. இறங்கி எடுத்துவந்து கொடுத்தான். இரண்டாம் நாள் வந்தான். மூன்றாம் நாளும் வந்தான். நான்காம் நாள் ஆலங்கட்டி மழையில் அலகின் ஓரம் உடைந்தும் வந்தான்.

ஐந்தாம் நாள் கீறல் வழியே வந்தது பழமல்ல, ஒரு வெட்டுக்கிளி.

"மழையில பழமெல்லாம் கொட்டிப்போச்சு. வெறும் அலகோட வர மனசு கேக்கல," என்றான். பிறகு, "உள்ள வெக்கையா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கீறலுக்கு எதிரே சிறகை விசிறத் தொடங்கினான்.

இதைப் போய் எந்தப் பெண்ணாவது கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாளா? "போதும், சிறகு வலிக்கப் போகுது!" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள்.

வெண்கண்ணி இப்போதும் சிரித்தாள். அதே நேரம் வெளியே சிறகடிப்பு கேட்டது. ஓரம் உடைந்த பழைய அலகு ஒன்று பழத்தோடு கீறலுக்குள் நுழைந்தது. பழம் தவறிக் கீழே விழுந்தது. அவன் இறங்கி எடுத்துவந்தான்.

"பக்கத்துல பழமே இல்ல, அடுத்த மலைக்குப் போனேன். லேட்டாயிடுச்சு," என்றான் மூச்சு வாங்க. "உள்ள வெக்கையா இருக்கா?"

நீதி: ஊர் பார்க்கக் கொஞ்சுகிறவரை அல்ல, யாரும் பார்க்காதபோதும் தேடி வருகிறவரைத் துணையாகத் தேர்ந்துகொள்.