ஆறாவது நாற்காலி

ரோட்டுக்கு இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஊர். அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஊர். நடுவில் வேலி கிடையாது. ஆடு இங்கே மேய்ந்துவிட்டு அங்கே போய்த் தண்ணீர் குடிக்கும். சட்டம் மட்டும் ரோட்டைத் தாண்டாது. அப்படி ஒரு காலம்.

அந்த ரோட்டைத் தினமும் தாண்டுகிறவர் பரிபூரணம். இங்கிலீஷ் கோர்ட்டில் அவர் ஜட்ஜ். குடியிருப்பது பிரெஞ்சுப் பக்கத்தில், மனைவி வழியில் வந்த வீடு. ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குப் படிக்கும் ஆசை வந்தது. இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒரே கடலைக் கடந்துதான் வந்தார்கள். நியாயம் எப்படி இரண்டாகப் போயிற்று? அதைத் தெரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமைதோறும் முசே அருளானந்து பூசை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போய் எதிரே உட்கார்ந்துவிடுவார்.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; அருளானந்து அந்தப் பக்கத்துச் சமாதான நீதிபதி. பரிபூரணத்தைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் பரிபூரணம் அவரைக் ‘குருவே’ என்பார். கேலியாகத்தான் ஆரம்பித்தது. கேலி போய்விட்டது, வார்த்தை நின்றுவிட்டது.

“உங்க பக்கம் தீர்ப்பு எப்படி எழுதுவீங்க, ஜட்ஜய்யா?” என்று ஒருநாள் குரு கேட்டார்.

“‘நான்’ என்று ஆரம்பிப்போம். எனக்கு முன்னால் எந்த ஜட்ஜ் என்ன சொன்னார், அதில் எது எனக்குச் சம்மதம், எது சம்மதமில்லை, எல்லாம் வரும். பக்கம் பக்கமாப் போகும். நான் சொன்னது எனக்குப் பின்னால் வருகிறவனைக் கட்டும்.”

“எங்க பக்கம் ஒரே வாக்கியம். ‘இப்படி இருக்கிறபடியால், இப்படி இருக்கிறபடியால்’ என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு புள்ளி. ‘நான்’ வரக்கூடாது. நாளைக்கு வருகிறவனுக்கு விதி போட எனக்கு அதிகாரம் இல்லை. இன்றைக்கு என் முன்னால் நிற்கிறவனுக்கு மட்டும்தான்.”

“ஏன் அப்படி?”

“ஒரு காலத்தில் அந்த தேசத்து ஜட்ஜுகள் உத்தியோகத்தை விலைக்கு வாங்கி, வீடு வாசலைப்போல் மகனுக்கு விட்டுப்போனார்கள். ஜனங்கள் பார்த்தார்கள். ராஜாவின் தலையை வெட்டினபோது ஜட்ஜின் நாக்கையும் கட்டிப்போட்டார்கள்.”

“இங்கிலீஷ் தேசத்தில் ராஜாவை எதிர்த்து ஜட்ஜுகள் நின்றார்கள். அதனால் நாக்கை விட்டுவிட்டார்கள்.”

“கொடுத்து வைத்தவர் நீங்க,” என்று குரு சிரித்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு, வைத்த காப்பி ஆறிக்கொண்டிருக்க, பரிபூரணம் அதைத் தொடவே இல்லை.

“குருவே, இந்த இரண்டில் எது உசத்தி?”

“யார் அழுதாங்க?”

“ஏன் அப்படிக் கேக்கறீங்க?”

“வீட்டில் சோறு இறங்குகிற ஜட்ஜு இந்தக் கேள்வி கேட்க மாட்டார்.”

பரிபூரணம் சொன்னார்.

அவள் பெயர் செலஸ்தீன். தாய் தகப்பன் இல்லாமல் கன்னியர் மடத்தில் வளர்ந்த பெண். பிரெஞ்சுப் பக்கம் லாசர் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். சாதி வழக்கமெல்லாம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டம் போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்ட குடும்பம் அது. ஒரு மகன் பிறந்தான், ரேமோன். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிறகு இங்கிலீஷ் பக்கத்துத் தச்சன் ஒருவன் பெண் கேட்டான். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, மோதிரம் மாற்றிக்கொண்டாள். மறுநாள் மகனைக் கூட்டிப்போக வந்தவளுக்கு லாசர் வீட்டுக் கதவு திறக்கவில்லை.

“விதவை மறுமணம் செய்யுமுன் குடும்ப சபையைக் கூட்டிச் சம்மதம் கேட்கணும். கேட்காதவளுக்கு அன்றைக்கே பிள்ளைமேல் உரிமை போச்சு,” என்றார் குரு. “எங்க புத்தகத்தில் இருக்கு.”

“அவளுக்கு அது தெரியாது. என் கோர்ட்டில் வந்து மனுப் போட்டாள். பிள்ளை என் எல்லைக்குள் இல்லை. முன்னால் வந்த தீர்ப்பு அத்தனையும் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே குரல். தள்ளிவிட்டேன்.”

“அவளிடம் ஏதாவது கேட்டீங்களா?”

“கோர்ட் எப்படிக் கேட்கும்? வக்கீல்கள் சொல்கிறதைத்தான் கேட்டுக்கொள்ளும்.”

குரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பிள்ளையோட பெரியப்பன் சவரிராயன் சைகோனில் இருந்து வந்திருக்கிறான். அடுத்த கப்பலில் பையனையும் கூட்டிப் போகிறானாம். போனால் போனதுதான். சொல்லுங்க குருவே. என் கையை முன்னோர் தீர்ப்பு கட்டுது. உங்க கையைப் புத்தகம் கட்டுது. எந்தக் கட்டு மேல்?”

குரு எழுந்து உள்ளே போனார். மைக்கூடும் காகிதமுமாக வந்து எழுத உட்கார்ந்தார்.

“என்ன எழுதறீங்க?”

“குடும்ப சபைக்கு அழைப்பு. போன உரிமையைச் சபை திரும்பக் கொடுக்கலாம். கொடுக்காமலும் போகலாம்.”

“யார் மனுப் போட்டது?”

“யாரும் போடலை.”

“மனு இல்லாமல் ஜட்ஜ் எப்படி…”

“என் காதில் விழுந்தால் போதும். எங்க நாக்கைத்தான் கட்டினார்கள். காதைக் கட்டவில்லை.”

பரிபூரணம் இப்போதுதான் காப்பியை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. குடித்தார்.

“சபையில் ஆறு பேர்,” என்றார் குரு, தலை நிமிராமல். “தகப்பன் வழியில் மூன்று, தாய் வழியில் மூன்று. நான் நடுவில். எனக்கும் ஓட்டு உண்டு. சமமாக நின்றால் என் பக்கம்தான் தீர்ப்பு.”

“புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்வோம் என்கிற உங்களுக்கு ஓட்டா! எனக்குக்கூட இல்லையே.”

“தகப்பன் வழிக்கு லாசர், சவரிராயன், லாசரின் மச்சான் ஒருத்தர். சரி. தாய் வழிக்கு யார்?”

“மடத்துப் பெண். ஒரு மாமன் உண்டு, தையல்காரர். அவர் மகன் ஒருத்தன்.”

“அப்போ ஒரு நாற்காலி காலி. சொந்தம் இல்லாவிட்டால் அதே ஊரில் குடியிருக்கிற சிநேகிதரைக் கூப்பிடலாம். பழக்கம் உள்ளவராய் இருக்கணும்.” குரு பேனாவை மையில் தோய்த்தார். “உங்க பேரை எழுதட்டுமா?”

பரிபூரணம் பதறிவிட்டார். “என்ன குருவே, விளையாடறீங்களா? அவள் மனுவைத் தள்ளினவன் நான். நான் போய் அவளுக்குச் சிநேகிதன் என்று உட்காருவதா? மேலிடத்துக்குத் தெரிந்தால் விளக்கம் கேட்பான். ஜட்ஜுக்கு ஏது சிநேகிதம்? அவளோடு நான் ஒரு வார்த்தை பேசினது கிடையாது.”

“தெரியாதா அவளை?”

“ரோட்டில் பார்ப்பேன். அவ்வளவுதான்.”

“என்ன பார்ப்பீங்க?”

“பூவரச மரத்தடியில் நிற்பாள். நான் கோர்ட்டுக்குப் போகும்போதும் நிற்பாள், வரும்போதும் நிற்பாள். ரோட்டில் கால் வைக்க மாட்டாள். வைத்தால் பையனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பையன் எதிர்ச் சுவர் ஓரம் குழி தோண்டி விளையாடுவான். அவிச்ச கடலை மடித்துக் கொண்டு வருவாள். பால்காரியிடம் கொடுத்து அனுப்புவாள். இடுப்பில் இப்போது ஒரு கைக்குழந்தை. பையன் நிமிர்ந்தால் அதை முந்தானையால் மூடிவிடுவாள். இன்னொரு பிள்ளை வந்ததும் அம்மா நம்மை மறந்துட்டா என்று அவன் நினைத்துவிடக் கூடாதாம், பால்காரி சொன்னாள். மழை நாளில் அவள் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாழை இலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் வெளியே வரவே இல்லை. ஆனாலும் நின்றாள்.”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

“பழக்கம் இல்லை என்றீங்க,” என்றார் குரு.

பரிபூரணம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “என் பேரை எழுதாதீங்க.”

“எழுதிவிட்டேன். வருகிறதும் வராததும் உங்க இஷ்டம்.”

சபை கூடும் நாள் வந்தது. பரிபூரணம் வழக்கம்போல் தலைப்பாகை கட்டி, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினார். ரோடு வந்தது. பூவரச மரத்தடியில் ஆள் இல்லை. சபைக்குப் போயிருக்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் கால் அங்கேயே நின்றது. வண்டிக்காரன் ஒருவன், “ஐயா, ஓரமா நில்லுங்க, இல்லாட்டி ஏறிக்குங்க,” என்று கத்தினான்.

பரிபூரணம் திரும்பி நடந்தார்.

சமாதான நீதிபதியின் அறையில் சபைக்கு வந்த ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் தன் பக்கத்து நாற்காலியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். லாசர் வெள்ளிப் பூண் போட்ட தடியை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். செலஸ்தீன் சுவரோரம் நின்றாள். குழந்தை தோளில் தூங்கியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, பெரியப்பன் சைகோனிலிருந்து கொண்டுவந்த புதுத் தொப்பியோடு ரேமோன்.

பரிபூரணம் யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தார்.

“இதென்ன கூத்து?” என்றான் சவரிராயன். “அந்தப் பக்கத்து ஜட்ஜு இங்கே எதுக்கு?”

“சிநேகிதர்,” என்றார் குரு. “பேசுங்க, லாசர்.”

லாசர் பேசினார். மருமகள்மேல் கோபம் எதுவும் இல்லையாம். ஆனால் சட்டம் சட்டம்தானே. அவள் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. உரிமை போயிற்று. பையனுக்கு சைகோனில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. தச்சன் வீட்டில் என்ன இருக்கிறது, மரத்தூளா?

தையல்காரர் ஏதோ சொல்ல வாய் திறந்து, சட்டம் என்ற வார்த்தைக்குப் பயந்து மூடிக்கொண்டார்.

“நான் ஒன்று கேட்கலாமா?” என்றார் பரிபூரணம்.

“சபையில் உட்கார்ந்தவர் கேட்கலாம்,” என்றார் குரு.

பரிபூரணம் லாசர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இருமிக்கொண்டார். “அவள் கல்யாண ஓலை எந்தக் கோயிலில் வாசிச்சாங்க?”

“எங்க கோயிலில்தான்,” என்றார் லாசர். “அப்போ இந்தக் கோயில் பங்கில்தானே இருந்தா.”

“மூன்று ஞாயிறு வாசிச்சிருப்பாங்க.”

“வாசிச்சாங்க.”

“நீங்க பூசைக்குப் போனீங்களா?”

“நான் பூசை தவறினவன் இல்லை. முன் வரிசை எனக்கு.”

“சபையைக் கூட்டாவிட்டால் பிள்ளை போயிடும் என்கிற சட்டம் அப்போ உங்களுக்குத் தெரியுமா?”

லாசர் தடியை மாற்றிப் பிடித்தார். “தெரியும்.”

“ஓலை கேட்டுட்டு வெளியே வந்தப்போ அவளை வாசலில் பார்த்திருப்பீங்க. சொன்னீங்களா?”

“அப்பா, பதில் சொல்லாதீங்க,” என்றான் சவரிராயன்.

“கோயில் சங்கதியில் பொய் சொல்லமாட்டேன்டா,” என்றார் லாசர். தடியின் பூணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சொல்லலை. சொல்லியிருந்தா கூட்டியிருப்பா.”

ஓட்டு எடுத்தார்கள். தகப்பன் வழி மூன்றும் ஒரு பக்கம். லாசர்கூடக் கையை மெதுவாகத்தான் தூக்கினார், ஆனால் தூக்கினார். தாய் வழி மூன்றும் ஒரு பக்கம், குருவின் ஓட்டும் அந்தப் பக்கம். குரு தன் எழுத்தரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தாய் சபையைக் கூட்டாதது மெய்யாயிருக்கிறபடியால், அவள் ஓலை மூன்று ஞாயிறு எல்லார் காதும் கேட்க வாசிக்கப்பட்டிருக்கிறபடியால், தெரிந்தவர்கள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறபடியால், பிள்ளையின் பாதுகாவல் தாய்க்கே மறுபடி கொடுக்கப்படுகிறது, அவள் புருஷனும் கூடப் பொறுப்பு. அங்கே ஒரு புள்ளி.

செலஸ்தீன் அசையவில்லை. பிரெஞ்சில் எழுதினதை எழுத்தர் தமிழில் சொன்ன பிறகும் அசையவில்லை. ரோட்டில் கால் வைக்காமல் நின்று பழகினவளுக்கு அந்த அறையின் நடுவைத் தாண்டி வரத் தெரியவில்லை. பையன்தான் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் தோளை அண்ணாந்து பார்த்தான்.

“இது யாரு?”

“உன் தங்கச்சி.”

“பேரு என்ன?”

அவள் குனிந்தாள். முந்தானையை விலக்கிக் குழந்தையின் முகத்தைக் காட்டினாள். அவன் ஒரு விரலால் அதன் காதைத் தொட்டுப் பார்த்தான்.

எல்லாரும் போன பிறகு பரிபூரணம் உட்கார்ந்தே இருந்தார். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது. இன்றைக்கு வந்த கட்சிக்காரர்கள் காத்திருப்பார்கள். விளக்கம் எழுதவேண்டி வரும். அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று விரலை மடக்கினார். மறுபடி மடக்கினார்.

“குருவே.”

“என்ன?”

“நான் வராமல் இருந்திருந்தால் மூன்றுக்கு இரண்டு.”

“ஆமாம்.”

“உங்க ஓட்டையும் அவள் பக்கம் போட்டால் மூன்றுக்கு மூன்று. சமமா நின்றால் உங்க பக்கம்தான் தீர்ப்பு.”

“ஆமாம்.”

“நீங்களே லாசரைக் கேட்டிருக்கலாம். உங்களுக்குத்தான் கேட்கிற அதிகாரம் உண்டே. கேட்டிருந்தால் அவர் இதையேதான் சொல்லியிருப்பார். நான் இல்லாமலே பிள்ளை அவளிடம் போயிருக்கும்!”

“போயிருக்கும்.”

“பின்னே என் பேரை எதற்கு எழுதினீங்க? சட்டத்துக்கு நான் வேண்டியதே இல்லையே!”

குரு காகிதங்களைச் சேர்த்துக் கட்டினார். முடிச்சைப் போட்டுவிட்டு, பையன் நின்ற வாசல் பக்கம் பார்த்தார்.

“சட்டத்துக்கு வேண்டியதில்லை, ஜட்ஜய்யா. அந்தப் பிள்ளை கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலிருந்தே அங்கே நின்னு நாற்காலிகளைப் பார்த்துக்கிட்டு இருந்தான். அம்மா பக்கத்து நாற்காலிக்கு ஆள் கிடைக்கலை என்று அவன் நினைச்சுக்கிட்டே வளர வேண்டாம்.”